பேட்ச் ஃபைல்ல ஸ்ட்ரிங்கை வெட்டுறது, மாத்துறது, சேர்க்குறது: முழு வழிகாட்டி

பேட்ச் ஃபைல்னா விண்டோஸ் கமாண்டுகளை வரிசையா எழுதி வெச்ச ஃபைல், ஸ்ட்ரிங்னா எழுத்துகளோட தொடர். கைல இருக்குற வேலை இது. ஒரு ஃபோல்டர் நிறைய 2024-08-15_93 மாதிரி பேர்ல டெக்ஸ்ட் ஃபைல் இருக்கு, அது எல்லாத்தையும் 15-08-2024_0093 ன்னு மாத்தணும். தேதியை திருப்பிப் போடணும், கடைசி நம்பரை நாலு இலக்கமாக்கணும், சம்பந்தமில்லாத ஃபைலைத் தொடக்கூடாது. இதைச் செய்யத் தேவையான ஸ்ட்ரிங் வேலை எல்லாத்தையும் ஒவ்வொண்ணா பார்த்துட்டு கடைசில முழு ஸ்கிரிப்டா சேர்ப்போம்.

படிக்கும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. % போட்டு எழுதுற வேரியபிளை (ஒரு மதிப்பை வெச்சிருக்குற பேர்) பேட்ச் "படிக்கிறது" இல்ல, அந்த இடத்துல மதிப்பை அப்படியே ஒட்டிடும், ஒட்டி முடிச்ச பிறகுதான் அந்த வரி என்ன சொல்லுதுன்னே பார்க்கும். புதுசா எழுதுறவங்க முட்டி நிக்குற இடத்துல முக்காவாசி இதைப் புரிஞ்சுக்காததால வர்றதுதான்.

1. ஆரம்பிக்கும் முன்னாடி

கமாண்ட் பேர், ஆப்ஷன், வேரியபிள் பேர் எல்லாத்தையும் இங்க உச்சரிப்புப்படி தமிழ் எழுத்துல போட்டிருக்கேன். நீங்க ஃபைல்ல அடிக்கும்போது இங்கிலீஷ் எழுத்துல அடிங்க. % ! : ~ * = ^ மாதிரி குறிகளை மட்டும் இங்க இருக்குறபடியே போடணும், ஒரு ஸ்பேஸ் கூட மாறக்கூடாது.

ஸ்கிரிப்டை டபுள் கிளிக் பண்ணி ஓட்டாதீங்க. எரர் வந்தா விண்டோ மூடிக்கும், என்ன சொல்லுச்சுன்னே தெரியாது. கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து அந்த ஃபோல்டருக்குப் போய் அங்கிருந்து ஓட்டுங்க.

ஒரிஜினல் ஃபோல்டர்ல சோதிக்காதீங்க, பத்து ஃபைலை தனியா காப்பி பண்ணி வெச்சுக்கோங்க, ஏன்னா ரீநேம் பண்ணதை திரும்பக் கொண்டுவர இங்க அன்டூ கிடையாது.

இன்னொண்ணு, ஃபார் லூப் (ஒரே வேலையை திரும்பத் திரும்ப செய்யிற கமாண்ட்) வேரியபிளுக்கு ஃபைலுக்குள்ள %% ரெண்டு போடணும், ப்ராம்ப்ட்ல நேரா அடிச்சா % ஒண்ணு. ப்ராம்ப்ட்ல ஓடுன வரியை அப்படியே ஃபைல்ல ஒட்டிட்டு ஏன் ஓடலன்னு தேடுறவங்க நிறைய பேர்.

2. செட் வரியை சரியா எழுதுங்க

```
செட் "பேர்=2024-08-15_93"
```

கோட்ஸ் எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க, வேரியபிள் பேருக்கு முன்னாடி ஆரம்பிச்சு மதிப்பு முடியிற இடத்துல மூடுது. இப்படி எழுதினா கோட்ஸ் மதிப்புக்குள்ள போகாது, வரிக்கடைசில கண்ணுக்குத் தெரியாம ஸ்பேஸ் இருந்தாலும் அது உள்ள வராது.

= குறிக்கு ரெண்டு பக்கமும் ஸ்பேஸ் விடுறது மத்த மொழில பழகினவங்க பண்ற முதல் தப்பு. செட் பேர் = 93 ன்னு எழுதினா "பேர்" ங்குற வேரியபிள் உருவாகாது, கடைசில ஸ்பேஸ் ஒட்டின வேற ஒரு வேரியபிள் உருவாகும், மதிப்பும் ஸ்பேஸ்லதான் ஆரம்பிக்கும். அப்புறம் %பேர்% காலியா இருக்கேன்னு மண்டையைப் பிச்சுக்க வேண்டியதுதான்.

பாத், டேட், டைம், டெம்ப் இந்த மாதிரி பேரை வேரியபிளுக்கு வெக்காதீங்க. பாத்தை மாத்தி எழுதிட்டா அதுக்கப்புறம் அந்த ஸ்கிரிப்ட்ல பாதி கமாண்ட் கிடைக்காது.

3. வெட்டுறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு பாருங்க

```
எக்கோ [%பேர்%]
```

சதுர அடைப்பு போடுறதுக்குக் காரணம், முன்னாடி பின்னாடி ஸ்பேஸ் ஒளிஞ்சிருந்தா [93 ] ன்னு உடனே கண்ணுல படும். சும்மா எக்கோ %பேர்% ன்னு போட்டு வேரியபிள் காலியா இருந்தா எக்கோ ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு ஒரு மெசேஜ் வரும், அதைப் பார்த்து குழம்பாம இருக்கவும் இந்த அடைப்பு உதவும்.

பேட்ச்ல காலி ஸ்ட்ரிங்னு தனியா ஒண்ணு இல்ல. செட் "பேர்=" ன்னு போட்டா வேரியபிளே அழிஞ்சிடும். அழிஞ்ச வேரியபிளை வெட்டப் போனா என்ன ஆகும்னா, எக்கோ %பேர்:~0,4% ங்குற வரி திரையில ~0,4 ன்னு காட்டும். எங்கயாவது ஃபைல் பேர்ல ~0,4 ன்னு வந்து நின்னா உடனே தெரிஞ்சுக்கலாம், வேரியபிள் காலி.

அதனால வெட்டுறதுக்கு முன்னாடி இந்தச் சோதனை:

```
இஃப் நாட் டிஃபைன்டு பேர் எக்ஸிட் /பி
```

இது தனி வரியா இருக்கணும், வெட்டுற வேலை அடுத்த வரில வரணும். ரெண்டையும் ஒரே வரில சேர்த்தா பிரயோஜனம் இல்ல, ஏன்னா சோதனை நடக்குறதுக்கு முன்னாடியே அந்த வரி முழுக்க ஒட்டுற வேலை முடிஞ்சிருக்கும், காலி வேரியபிளால அங்கங்க தனியா நிக்குற % குறிகள் ஒண்ணோட ஒண்ணு ஜோடி சேர்ந்து வரியே சிதைஞ்சு சின்டாக்ஸ் எரர்ல போய் நிக்கும்.

யூசர்கிட்ட செட் /பி (இந்த பி இங்கிலீஷ் p, எக்ஸிட் /பி ல இருக்குறது b) மூலமா கேட்டு வாங்கினா அதுக்கு முன்னாடி வரில அந்த வேரியபிளை காலி பண்ணிடுங்க. அவங்க ஒண்ணும் அடிக்காம எண்டர் தட்டினா பழைய மதிப்பே அப்படியே இருக்கும்.

4. துண்டு வெட்டுறது

எண்ணிக்கை சைபர்ல இருந்து ஆரம்பிக்கும். முதல் நம்பர் எங்க ஆரம்பிக்கணும், ரெண்டாவது எத்தனை எழுத்து வேணும். ரெண்டாவதை "எங்க முடியணும்"னு நினைச்சுட்டு எழுதுறவங்கதான் அதிகம், அது நீளம்.

```
%பேர்:~0,4%    →  2024
%பேர்:~5,2%    →  08
%பேர்:~8,2%    →  15
%பேர்:~8%      →  15_93
%பேர்:~-2%     →  93
%பேர்:~0,-3%   →  2024-08-15
```

மைனஸ் போட்டா கடைசில இருந்து எண்ணும். முதல் நம்பர்ல மைனஸ் வந்தா கடைசில இருந்து அத்தனை எழுத்து தள்ளி ஆரம்பிக்கும், ரெண்டாவதுல வந்தா கடைசில அத்தனை எழுத்தை விட்டுடும். ஸ்ட்ரிங்கோட நீளம் மாறிக்கிட்டே இருக்குற இடத்துல மைனஸ்தான் கை கொடுக்கும். ஆனா நம்ம கேஸ்ல 93 க்கு பதிலா 7 வந்தா ~-2 வெட்டுறது _7 ஆயிடும், அதனால கடைசி நம்பரை இப்படி எடுக்கக்கூடாது. அதுக்கு அடுத்தது.

5. மாத்துறது, அழிக்கிறது, தேடுறது

```
%பேர்:-=.%     →  2024.08.15_93
%பேர்:-=%      →  20240815_93
%பேர்:*_=%     →  93
```

முதல் வரி எல்லா - குறியையும் புள்ளியா மாத்துது. ரெண்டாவதுல மாத்த ஒண்ணும் தரல, அதனால அழிஞ்சிடுது. மூணாவதுதான் நமக்கு வேண்டியது, * போட்டா ஆரம்பத்துல இருந்து முதல் _ வரைக்கும், அந்த _ யும் சேர்த்து, போயிடும். நம்பர் ஒரு இலக்கமோ நாலு இலக்கமோ, மீதி நிக்குறது நம்பர் மட்டும்.

* முன்னாடி மட்டும்தான் வரும். "இதுக்கு அப்புறம் எல்லாத்தையும் அழி"ன்னு எழுத இந்த முறைல வழி இல்ல, அதுக்கு 9வது பகுதில இருக்குற ஃபார் /எஃப் வேணும்.

சின்ன எழுத்து பெரிய எழுத்து வித்தியாசம் இந்த மாத்துறதுக்குத் தெரியாது, ரெண்டையும் சேர்த்து மாத்திடும். = குறியை இப்படி மாத்தவே முடியாது, ஏன்னா முதல் = வந்த உடனே தேடுற பகுதி முடிஞ்சதா எடுத்துக்கும். தேடுற எழுத்து ~ லயோ * லயோ ஆரம்பிச்சாலும் வேற அர்த்தம் ஆயிடும். இதெல்லாம் வந்தா பவர்ஷெல்லுக்கு (விண்டோஸ்லயே இருக்குற இன்னொரு ஸ்கிரிப்ட் மொழி) போறது தான் நல்லது, சுத்தி வளைச்சு பேட்ச்லயே செய்யலாம்தான் ஆனா ஆறு மாசம் கழிச்சு படிக்கிறவருக்கு ஒண்ணும் புரியாது.

ஒரு எழுத்து உள்ள இருக்கான்னு பார்க்கவும் இதே தந்திரம். அதை அழிச்சுப் பார்த்து, அழிச்சதும் அழிக்காததும் ஒண்ணா இருந்தா அது உள்ள இல்லன்னு அர்த்தம்:

```
இஃப் "%பேர்:_=%"=="%பேர்%" எக்கோ அடிக்கோடு இல்ல
```

இந்தச் சோதனை நமக்கு கட்டாயம், ஏன்னா _ இல்லாத பேர்ல *_ மாத்துறது எதையும் தொடாம முழுப் பேரையும் அப்படியே திருப்பித் தரும், நீங்க அதை நம்பர்னு நம்பிட்டுப் போயிடுவீங்க.

கடைசில இருக்குற ஸ்பேஸை எடுக்க ஒரு சின்ன லூப் போதும்:

```
:சுத்தம்
இஃப் நாட் டிஃபைன்டு வரி கோட்டூ முடிஞ்சுது
இஃப் "%வரி:~-1%"==" " (
  செட் "வரி=%வரி:~0,-1%"
  கோட்டூ சுத்தம்
)
:முடிஞ்சுது
```

6. முன்னாடி சைபர் சேர்க்குறது

பேட்ச்ல ஒட்டுறதுக்குன்னு ஆபரேட்டர் எதுவும் இல்ல, பக்கத்துல பக்கத்துல எழுதினா ஒட்டிக்கும். சைபர் தாராளமா ஒட்டிட்டு கடைசி நாலை வெட்டுங்க:

```
செட் "எண்=0000%எண்%"
செட் "எண்=%எண்:~-4%"
```

93 முதல்ல 000093 ஆகி அப்புறம் 0093 ஆகும். 12345 வந்தா சத்தமே இல்லாம 2345 ஆயிடும், அதனால நாலு இலக்கத்துக்கு மேல போகுதான்னு முன்னாடியே பார்க்கணும்.

இதை விட மோசமான பொறி கணக்குல இருக்கு. சைபர்ல ஆரம்பிக்கிற நம்பரை செட் /ஏ எட்டடிமானமா, அதாவது ஆக்டலா எடுத்துக்கும். 0093 ல 9 இருக்கு, ஆக்டல்ல 9 கிடையாது, எரர் வரும், பரவால்ல, கண்டுபிடிச்சிடலாம். 0017 கொடுத்தா எரரே வராது, 15 ன்னு எடுத்துக்கிட்டு ஒண்ணு கூட்டினா 16 தரும். 0001 ல இருந்து 0007 வரைக்கும் சரியா வரும்ங்குறதால முதல் ஏழு ஃபைல்ல சோதிச்சவங்களுக்கு எதுவும் தெரியாது. மருந்து இது:

```
செட் /ஏ "அடுத்தது=1%எண்%-10000+1"
```

முன்னாடி 1 ஒட்டினதால 10093, அது சைபர்ல ஆரம்பிக்கல, பத்தாயிரத்தைக் கழிச்சா பழைய நம்பர், கூட்டினா 94.

7. பிளாக்குக்குள்ள மதிப்பு மாற மாட்டேங்குதா?

இங்கதான் பொறுமையா நிக்கணும். இதை ஓட்டிப் பாருங்க:

```
செட் "எண்=5"
இஃப் 1==1 (
  செட் "எண்=9"
  எக்கோ %எண்%
)
```

திரையில 5 வரும். அடைப்புக்குறிக்குள்ள எத்தனை வரி இருந்தாலும் பேட்சுக்கு அது ஒரே கமாண்ட். திறந்த அடைப்புல இருந்து மூடுற அடைப்பு வரைக்கும் மொத்தமா எடுத்து % எல்லாத்தையும் அப்பவே ஒட்டிடும், அந்த நேரத்துல எண் 5. அதுக்கப்புறம்தான் உள்ள இருக்குற செட் ஓடுது. ஃபார் லூப்லயும் இதே கதைதான், நூறு தடவை சுத்தினாலும் லூப் ஆரம்பிக்கும்போது ஒட்டின மதிப்புதான்.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மேல செட்லோக்கல் எனேபிள்டிலேடுஎக்ஸ்பேன்ஷன் போட்டு % க்கு பதிலா ! போடுறது. எக்கோ !எண்! ன்னா அந்த வரி ஓடுற நேரத்துல மதிப்பை எடுக்கும், 9 வரும். வெட்டுறது மாத்துறது எல்லாம் !பேர்:~0,4! ன்னு அதே மாதிரி வேலை செய்யும். வெட்டுற இடமே வேரியபிளா இருந்தா !பேர்:~%%ஐ,1! ன்னு எழுதலாம், %%ஐ முன்னாடியே மாறிடும், ! பின்னாடி வரும்.

இன்னொண்ணு, லூப்புக்குள்ள கால் :மாத்து ன்னு சொல்லி வேலையை வெளிய ஒரு லேபிளுக்கு (: போட்டு பேர் வெச்ச இடம்) கொண்டு போறது. அங்க ஒவ்வொரு வரியும் தனித்தனி கமாண்ட், அதனால % போதும். கொஞ்சம் மெதுவா ஓடும், ஆனா ஃபைல் பேர் வேலைக்கு நான் இதைத்தான் சொல்லுவேன். ஏன்னா ! முறைல ஒரு பெரிய ஓட்டை இருக்கு, எனேபிள் ஆகி இருக்கும்போது %%ஏ ல வர்ற பேர்ல ! குறி இருந்தா அது காணாம போயிடும், அப்புறம் அந்த ஃபைலே இல்லன்னு எரர் வரும்.

செட்லோக்கலுக்குள்ள மாத்தின வேரியபிள் எண்ட்லோக்கல் வந்ததும் பழைய நிலைக்குப் போயிடும். மதிப்பை வெளிய கொண்டுவரணும்னா எண்ட்லோக்கல் & செட் "முடிவு=%முடிவு%" ன்னு ஒரே வரில எழுதுங்க, வரி ஓடுறதுக்கு முன்னாடியே மதிப்பு ஒட்டிடும்ங்குறதால தப்பிச்சிடும்.

8. ஆபத்தான குறிகள்

& | < > ^ இதெல்லாம் மதிப்புக்குள்ள இருந்தா ஒட்டின பிறகு கமாண்டோட பகுதியா ஆயிடும். மதிப்பு 10&20 ன்னு இருந்து எக்கோ %மதிப்பு% போட்டா 10 ன்னு காட்டிட்டு 20 ங்குற கமாண்டைத் தேடிப் போகும். 20 க்கு பதிலா அங்க ஃபைலை அழிக்கிற டெல் கமாண்ட் இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால செட், இஃப், ரென் (ஃபைல் பேரை மாத்துற கமாண்ட்) எல்லாத்துலயும் கோட்ஸுக்குள்ளயே வைங்க, இது விருப்பம் இல்ல, கட்டாயம்.

) குறியும் இந்த லிஸ்ட்ல உண்டு. ஃபைலை காப்பி பண்ணும்போது பேர்ல (1) வந்து ஒட்டிக்குதே, அதை பிளாக்குக்குள்ள கோட்ஸ் இல்லாம %பேர்% ன்னு போட்டா அந்த ) உங்க பிளாக்கையே மூடிடும்.

ஃபைலுக்குள்ள நிஜமாவே ஒரு % குறி காட்டணும்னா %% ன்னு எழுதணும், ^ போட்டா இதுக்கு வேலைக்கு ஆகாது.

9. பிரிச்சு எடுக்குறது

```
ஃபார் /எஃப் "டோக்கன்ஸ்=1-3 டெலிம்ஸ்=-_" %%ஏ இன் ("%பேர்%") டூ எக்கோ %%சி.%%பி.%%ஏ
```

- யும் _ யும் பிரிக்கிற குறி. முதல் துண்டு %%ஏ, அடுத்தது தானாவே இங்கிலீஷ் வரிசைப்படி %%பி, %%சி. டெலிம்ஸ் எதுவும் சொல்லலன்னா ஸ்பேஸும் டேபும்தான். டோக்கன்ஸ்=1,* ன்னா முதல் துண்டு தனி, மீதி எல்லாம் பிரிக்காம ஒண்ணா.

பக்கத்துல பக்கத்துல வர்ற ரெண்டு பிரிப்புக் குறியை ஒண்ணா எடுத்துக்கும், இதுதான் இங்க பெரிய தொல்லை. 10,,30 ல நடு காலம் காலின்னு அதுக்குத் தெரியாது, ரெண்டாவது துண்டு 30 ன்னு தரும். கமாவால பிரிச்ச ஃபைலைப் படிக்கும்போது டேட்டா ஒரு காலம் இடம் மாறி நிக்குறதுக்குக் காரணம் இதுதான். பிரிக்குறதுக்கு முன்னாடி செட் "வரி=#%வரி:,=,#%" ன்னு ஒவ்வொரு காலத்துக்கும் முன்னாடி ஒரு # வெச்சிட்டு, பிரிச்ச அப்புறம் ஒவ்வொண்ணுலயும் முதல் எழுத்தை :~1 போட்டு எடுத்துடுங்க.

ஃபைலை வரி வரியா படிக்கும்போது காலி வரியையும், ; ல ஆரம்பிக்கிற வரியையும் தாண்டிப் போயிடும். வரி எண்ணிக்கை முக்கியம்னா இதை மறக்கக்கூடாது.

ஃபைல் பேரை பிரிக்க மட்டும் இது வேண்டாம். %%~என்ஏ (~ குறி, என், அப்புறம் லூப் எழுத்து) எக்ஸ்டென்ஷன் இல்லாத பேரைத் தரும், என் க்கு பதில் எக்ஸ் போட்டா எக்ஸ்டென்ஷன், எஃப் போட்டா முழு பாத்.

10. நீளம் கண்டுபிடிக்கிறது

இதுக்கு கமாண்ட் கிடையாது. டிலேடு எக்ஸ்பேன்ஷன் எனேபிள் பண்ணிட்டு:

```
செட் "த=#!பேர்!"
செட் "நீளம்=0"
ஃபார் %%ஐ இன் (4096 2048 1024 512 256 128 64 32 16 8 4 2 1) டூ (
  இஃப் நாட் "!த:~%%ஐ,1!"=="" (
    செட் /ஏ "நீளம்+=%%ஐ"
    செட் "த=!த:~%%ஐ!"
  )
)
```

ஒவ்வொரு எழுத்தா எண்ணாம பாதி பாதியா தாண்டிப் போறதால எவ்வளவு பெரிய ஸ்ட்ரிங்கா இருந்தாலும் பதிமூணு சோதனைல முடிஞ்சிடும். இந்த நம்பர் எல்லாத்தையும் கூட்டினா 8191, கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஒரு வரிக்கு இருக்குற உச்சவரம்பும் அதுவே. ஆரம்பத்துல # ஒட்டுறது காலி ஸ்ட்ரிங்குக்கும் சரியா 0 வரணும்னுதான்.

தமிழ் எழுத்துல ஒரு எச்சரிக்கை. "பாட்டு" நமக்கு மூணு எழுத்து, பேட்சுக்கு ஆறு, ஏன்னா கால், புள்ளி, உகரக் குறி எல்லாம் தனித்தனியா எண்ணும். ~0,1 ன்னு வெட்டினா "பா" வராது, "ப" தான் வரும். ஸ்கிரிப்டுக்குள்ள தமிழ் இருந்தா மேல சிஎச்சிபி 65001 (யுடிஎஃப்-8 எழுத்துமுறைக்கு மாத்துற கமாண்ட்) போட்டு, ஃபைலை பிஓஎம் (ஃபைல் ஆரம்பத்துல ஒளிஞ்சிருக்குற அடையாளக் குறி) இல்லாத யுடிஎஃப்-8 ஆ சேவ் பண்ணுங்க. பிஓஎம் இருந்தா முதல் வரி தெரியாத கமாண்ட்னு எரர் தரும்.

11. %டேட்% ஐ வெட்டாதீங்க

அந்த மெஷினோட ரீஜன் செட்டிங் எப்படியோ அப்படித்தான் %டேட்% வரும். உங்க மெஷின்ல ~6,4 ல வருஷம் வந்தா அடுத்தவர் மெஷின்ல கிழமையோ மாசமோ வரலாம். தேதி வேணும்னா ஃபார் /எஃப் க்குள்ள பவர்ஷெல்லோட கெட்-டேட் கூப்பிட்டு ஃபார்மேட்டை நீங்களே சொல்லுங்க. வருஷத்துக்கு சின்ன ஒய் நாலு, மாசத்துக்கு பெரிய எம் ரெண்டு, நாளுக்கு சின்ன டி ரெண்டு. சின்ன எம் போட்டா நிமிஷம் வந்துடும்.

12. எல்லாம் சேர்ந்த ஸ்கிரிப்ட்

```
@எக்கோ ஆஃப்
செட்லோக்கல் டிசேபிள்டிலேடுஎக்ஸ்பேன்ஷன்
ஃபார் /எஃப் "டெலிம்ஸ்=" %%ஏ இன் ('டிர் /பி *.டிஎக்ஸ்டி') டூ (
  செட் "பேர்=%%~என்ஏ"
  கால் :மாத்து
)
எக்ஸிட் /பி

:மாத்து
இஃப் நாட் டிஃபைன்டு பேர் எக்ஸிட் /பி
இஃப் நாட் "%பேர்:~4,1%%பேர்:~7,1%"=="--" எக்ஸிட் /பி
இஃப் "%பேர்:_=%"=="%பேர்%" எக்ஸிட் /பி
செட் "வருஷம்=%பேர்:~0,4%"
செட் "மாசம்=%பேர்:~5,2%"
செட் "நாள்=%பேர்:~8,2%"
செட் "எண்=%பேர்:*_=%"
இஃப் நாட் டிஃபைன்டு எண் எக்ஸிட் /பி
ஃபார் /எஃப் "டெலிம்ஸ்=0123456789" %%பி இன் ("%எண்%") டூ எக்ஸிட் /பி
இஃப் நாட் "%எண்:~4%"=="" எக்ஸிட் /பி
செட் "எண்=0000%எண்%"
செட் "எண்=%எண்:~-4%"
எக்கோ ரென் "%பேர்%.டிஎக்ஸ்டி" "%நாள்%-%மாசம்%-%வருஷம்%_%எண்%.டிஎக்ஸ்டி"
எக்ஸிட் /பி
```

சாதாரண ஃபார் (*.டிஎக்ஸ்டி) போடாம டிர் /பி எடுத்ததுக்குக் காரணம், சாதாரண ஃபார் ஃபோல்டரைப் படிச்சுக்கிட்டே ஓடும், இப்பதான் பேர் மாத்தின ஃபைலே திரும்ப கைக்கு வரலாம். டிர் முதல்ல லிஸ்டை முழுசா எடுத்து முடிச்சிடும்.

5வது எழுத்தும் 8வது எழுத்தும் - ஆ இருக்கான்னு பார்க்குற வரியால ஸ்கிரிப்டை ரெண்டாவது தடவை ஓட்டினாலும் ஏற்கனவே மாத்தின பேர் தப்பிச்சிடும், ஏன்னா அதுல - வர்ற இடம் வேற. டெலிம்ஸ்ல பத்து இலக்கத்தையும் கொடுத்த வரி எண்ணுல இலக்கம் தவிர வேற எதாவது இருக்கான்னு பார்க்குது, எல்லாமே இலக்கமா இருந்தா மீதி ஒண்ணும் இருக்காது, லூப் ஓடாது. 93 (1) மாதிரி பேர் இங்கயே நின்னுடும்.

ரென் முன்னாடி எக்கோ இருக்குறதைக் கவனிச்சீங்களா, இப்போதைக்கு இது எதையும் மாத்தாது, என்ன மாத்தப் போகுதுன்னு மட்டும் காட்டும். அந்த லிஸ்டை மேல இருந்து கீழ வரைக்கும் படிங்க, ~ குறி எங்கயாவது தெரியுதா, புதுப் பேர் ரெண்டு ஃபைலுக்கு ஒண்ணா வருதா (93 ம் 093 ம் ரெண்டுமே 0093 ஆகும்) பாருங்க. எல்லாம் சரின்னா அந்த ஒரு எக்கோவை எடுத்துட்டு திரும்ப ஓட்டுங்க.